மூன்றாம் பிஸ்டனில் ஓட்டை

"இந்த இடத்துல ஒரு கையெழுத்து. அஞ்சு செகண்ட் வேலைம்மா" என்றார் கிளப் செயலாளர்.

மைக்ரோ காகிதத்தைத் தொடவில்லை. கையில் கிரீஸ் இருந்தது ஒரு காரணம். காகிதத்தில் எழுதியிருந்தது இன்னொரு காரணம்.

'எஞ்சின் பழுதுக்குக் காரணம்: பொருத்தியவரின் குறை.'

பொருத்தியவர் அவள்தான்.

மைக்ரோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தலைமுடி கனத்தைக்கூட அளக்கிற மைக்ரோமீட்டர் இல்லாமல் சட்டைப் பித்தானைக்கூடப் போட மாட்டாள் என்று கிளப் ஷெட்டில் யாரோ கிண்டலடித்து, அது பாதியாகச் சுருங்கி ஒட்டிக்கொண்டது. கார் பந்தய கிளப்பில் எஞ்சின் கட்ட அனுமதி பெற்றவர்கள் ஐந்து பேர். அந்தப் பட்டியலில் ஒரே பெண் அவள். தான் கட்டிய எஞ்சின் ஒவ்வொன்றிலும், அதன் உடம்பான பிளாக்கின் ஓரத்தில், சின்னதாய் ஒரு முக்கோணம் குத்திவிடுவாள். இதுவரை ஐம்பத்து மூன்று முக்கோணங்கள். ஒன்றுகூட இப்படித் திரும்பி வந்ததில்லை.

"போட்டா ஒரு வருஷம் ஓய்வு. அப்புறம் சத்தமில்லாம திரும்ப வந்துடலாம்" என்றார் செயலாளர். "போடலேன்னா நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. அங்கே உன் பேரை அடிச்சா, அடிச்சதுதான்."

"இப்போ மணி பத்து. எஞ்சினைப் பிரிக்க விடுங்க."

"பிரிச்சு என்ன ஆகப்போகுது மேடம்?" என்று ஒரு குரல் சிரித்தது.

காரின் பக்கத்தில், டூல் டிராலிமேல் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவன் பேசினான். எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது நெருப்பு என்று கணக்குப் போட்டுக் காரின் மூளையில் ஏற்றுகிறவன். அதற்குப் பெயர் மேப். அவனுக்குப் பெயர் லேப்டாப்.

"மூணாவது பிஸ்டன்ல ஓட்டை. கேமரா விட்டுப் பாத்தாச்சு. ரிங்கை இறுக்கமாப் போட்டா அப்படித்தான் ஆகும். இதுக்குப் போஸ்ட்மார்ட்டம் வேறயா?"

"செத்தது என் பிள்ளை. நான்தான் அறுப்பேன்" என்றாள் மைக்ரோ.

போன சனிக்கிழமை மலைப்பாதை ஓட்டத்தில் நடந்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள். பல் டாக்டரின் வெள்ளை நிற இரண்டு கதவுக் கார் சீறிக்கொண்டு மேலேறியது. ஏழாவது வளைவில் பின்னாலிருந்து நீலப் புகை குபீரென்று கிளம்பியது. பெட்டிக்குள் சுத்தியலைப் போட்டு உருட்டியது போல ஒரு சத்தம். பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

அது சாதாரணக் கார் இல்லை. எஞ்சின்மேல் சூப்பர்சார்ஜர் ஏற்றிய கார். அதாவது, எஞ்சினுடைய பெல்ட்டிலேயே சுழன்று, எஞ்சினுக்குள்ளேயே காற்றை வம்படியாகத் திணிக்கிற பம்ப். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால், உள்ளே எரிகிற நெருப்பு வேறு வழியில்லாமல் பிஸ்டனையே தின்னத் தொடங்கிவிடும்.

ஆக, குற்றவாளிக் கூண்டில் ஏறக்கூடியவர்கள் இரண்டே பேர். எஞ்சினைக் கட்டிய மைக்ரோ. பெட்ரோல் கணக்கைப் போட்ட லேப்டாப். லேப்டாப் முந்திக்கொண்டு விரலை நீட்டிவிட்டான்.

காரின் சொந்தக்காரரான பல் டாக்டர் அந்த விரலின் பக்கம் சாய்ந்துவிட்டார். அதுதான் மைக்ரோவுக்கு நெஞ்சில் முள். அவர் வேறு யாருமில்லை. அவளுடைய அக்கா புருஷன்.

"அத்தான், நீங்களாவது சொல்லுங்க. பிரிச்சுப் பாக்கலாம்னு."

அத்தான் சுவரோரம் நாற்காலியில், சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் கிளப் தலைவர் பதவிக்கு நிற்கிறார். நிற்கிறவர் எதிலும் ஒட்டக்கூடாது என்பது போல நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"தப்பு எல்லாருக்கும் நடக்கும்மா. ஒத்துக்கிட்டா பெருந்தன்மை. உன் பல்லை நேராக்கினதே நான்தான். உனக்குக் கெடுதல் நினைப்பேனா?"

பக்கத்தில் நின்ற அக்கா, தங்கையைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"போட்டுத் தொலையேன்டி. ஒரு வருஷம்தானே? வீட்டுக்குள்ள சண்டை வேணாம். அவருக்கு இது முக்கியமான நேரம்."

"எனக்கு?"

அக்கா கைப்பையின் ஜிப்பை மூடினாள். ஏற்கனவே மூடியிருந்த ஜிப்.

மைக்ரோ திரும்பி வந்து, காகிதத்தை எடுத்து, நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலின் அடியில் செருகினாள். மேஜை ஆடாமல் நின்றது.

"நாலு மணிக்கு எடுத்துத் தரேன் சார்" என்றாள்.

எஞ்சின் மூடியான பானெட்டைத் தூக்கியதும் அவளுக்கே ஒரு நிமிடம் கண் கூசியது. அவள் கட்டி அனுப்பியபோது இந்த எஞ்சின் உழைக்கிற ஆள் மாதிரி இருந்தது. ஒயர்களும் ஹோஸ்களும் எங்கே போக வேண்டுமோ அங்கே போயின, பார்க்க எப்படி இருந்தாலும் சரி. இப்போது கல்யாணத்துக்குக் கிளம்பியது மாதிரி இருந்தது. எல்லாம் பளபளப்பு. ஒரு ஒயர் வெளியே தெரியவில்லை.

"பத்திரிகைக்காரங்க படம் எடுத்தாங்க. கொஞ்சம் துடைச்சு வச்சேன்" என்றார் அத்தான்.

மைக்ரோ தலையாட்டிவிட்டு ஸ்பானரை எடுத்தாள்.

முதலில் ஸ்பார்க் பிளக்குகள். நான்கையும் கழற்றி வெள்ளைத் துணியில் வரிசையாகப் படுக்க வைத்தாள். மூன்றாவது பிளக்கின் முனை உருகி, அலுமினியப் பொடி ஒட்டியிருந்தது. மற்ற மூன்றையும் பார்த்தாள். ஒரு முறை பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

பிறகு கை வேலை செய்தது, வாய் ஓய்வெடுத்தது. எஞ்சின் தலையோடு சேர்த்து சூப்பர்சார்ஜரைத் தூக்கி பெஞ்சில் வைத்தாள். காருக்குக் கீழே படுத்து எண்ணெய்த் தொட்டியை இறக்கினாள். இடையில் லேப்டாப் டீ குடித்தான், அத்தான் போனில் இரண்டு நோயாளிகளுக்குத் தைரியம் சொன்னார், அக்கா வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தாள். மணி ஒன்றரைக்கு மூன்றாம் பிஸ்டன் மைக்ரோவின் உள்ளங்கையில் இருந்தது. நடுவில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. விளிம்பு மெழுகு உருகினாற்போல வழிந்து உறைந்திருந்தது.

"பாத்தீங்களா?" என்று லேப்டாப் துள்ளினான்.

"பொறு. சார், நீங்க இப்படி வாங்க."

செயலாளர் கிட்டே வந்தார். மைக்ரோ பிஸ்டனிலிருந்து ரிங்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். வளையல் மாதிரி, ஆனால் ஓரிடத்தில் முனைகள் சேராமல் விட்ட வளையம்.

"இந்த இடைவெளி ஏன்னா, சூட்டுல ரிங் நீளும். நீள இடம் வேணும். நான் இறுக்கமாப் போட்டிருந்தா ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு முட்டி உரசியிருக்கும். உரசின இரும்பு எப்படி இருக்கும்?"

"பளபளன்னு."

"இது எப்படி இருக்கு?"

செயலாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இரண்டு முனைகளும் அடுப்புக் கரி மாதிரி மங்கலாக இருந்தன. மைக்ரோ ரிங்கை சிலிண்டருக்குள் இறக்கி, அளவுத் தகடு ஒன்றை அவரிடமே நீட்டினாள்.

"நான் தொட மாட்டேன். நீங்களே செருகுங்க."

தகடு வழுக்கிக்கொண்டு நுழைந்தது. சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட அளவு, அதற்கு ஒரு மயிரிழை மேலே. அவர் தகட்டை உருவி, இன்னொரு தரம் செருகி, தகட்டில் பொறித்திருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தார்.

"இடைவெளி சரியாத்தான் இருக்கு" என்றார்.

லேப்டாப்பின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"சரி, நான் கழண்டேன்" என்றாள் மைக்ரோ. "இப்போ உன் முறை."

"என் மேப்ல ஒரு தப்பும் இல்லை!"

"கத்தாதே. இந்த நாலு பிளக்கையும் பாரு. ஓட்டை மூணாவதுலதான். ஆனா நாலுமே சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு. நாலு சிலிண்டரும் பெட்ரோல் போதாம காஞ்சு கிடந்திருக்கு. மூணாவது முதல்ல உயிரை விட்டிருக்கு, அவ்வளவுதான்."

காலையிலிருந்து முதல் தடவையாக லேப்டாப் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளாமல், அவள் பக்கம் திருப்பினான். மலை ஓட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, இதே ஷெட்டில், காரை உருளைமேல் ஏற்றிக் கட்டி முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்த பதிவு. காற்று ஏற ஏறப் பெட்ரோலும் கூடவே ஏறியிருந்தது, கைப்பிடித்துக் கூட்டிப்போனது மாதிரி.

மைக்ரோ அந்தக் கோட்டை விரலால் தொட்டு மேலேவரை போனாள்.

"உன் மேப்பும் சரிதான்" என்றாள்.

லேப்டாப் டீ கிளாஸைக் கீழே வைத்தான். காலையிலிருந்து யாரைக் கூண்டில் ஏற்றப் பார்த்தானோ, அவளே இப்போது அவனை இறக்கி விடுகிறாள்.

"அன்னிக்குச் சரியா இருந்த கார், பன்னிரண்டு நாள் கழிச்சு மலையில பட்டினி கிடந்திருக்கு. நடுவுல யார் தொட்டது? அத்தான்?"

"யாரும் தொடலை" என்றார் அத்தான் உடனே. "கார் என் வீட்டு கராஜ்ல. சாவி என் கையில. ஸ்டார்ட் பண்ணிப் பாத்தப்போகூடப் பூனைக்குட்டி மாதிரிதான் ஓடிச்சு."

மணி இரண்டே முக்கால். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை மைக்ரோ பார்த்தாள்.

பெட்ரோல் பம்பைச் சோதித்தாள். நன்றாக இருந்தது. வடிகட்டியை வெட்டிப் பிரித்தாள். சுத்தம். பெட்ரோலைத் தூவுகிற நான்கு இன்ஜெக்டர்களும் கிளிப் மாட்டிய பெட்ரோல் குழாய்த் தண்டோடு பெஞ்சில் கிடந்தன. அவற்றையும் பார்த்தாயிற்று. மணி மூன்று ஐந்து.

"போதும்மா" என்றார் செயலாளர். குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "உன் ரிங் சரின்னு நானே சொல்றேன். ஆனா கமிட்டி கேக்கும், எஞ்சின் ஏன் போச்சுன்னு. பதில் இல்லேன்னா எஞ்சினைக் கட்டினவங்க தலையிலதான் விழும். விதி அப்படி."

மைக்ரோ பெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்தாள். பூனைக்குட்டி மாதிரி ஓடியது. நின்ற இடத்தில் சரி. மலையேறும்போது மட்டும் பட்டினி. காற்று திணிக்கப்படும்போது மட்டும்.

அவள் கை தானாகவே பெட்ரோல் தண்டின் நுனிக்குப் போனது. அங்கே நெல்லிக்காய் அளவில் ஒரு உலோக உருண்டை. பிரஷர் ரெகுலேட்டர். அதன் தலையிலிருந்து பென்சில் கனத்தில் ஒரு ரப்பர் ஹோஸ் புறப்பட்டு, சூப்பர்சார்ஜரின் அடிவயிற்றுப் பக்கமாக ஒளிந்து எங்கோ போனது. விரலால் அதைத் தடவிக்கொண்டே போனாள். முடிகிற இடத்தில் ஒரு கம்பிக் கட்டு தட்டுப்பட்டது.

விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பழக்கம். கம்பிக் கட்டு என்றால் முனை குத்தும்.

ஆனால் குத்தவில்லை.

மறுபடி தடவினாள். தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமனான எஃகுக் கம்பி. நெருக்கமாக முறுக்கி, முனையை வெட்டி, உள்பக்கம் மடித்து அமுக்கியிருந்தது. எந்த மெக்கானிக்கும் இவ்வளவு மெனக்கெட மாட்டான். இந்தக் கம்பியை அவள் விரலுக்குத் தெரியவில்லை. நாக்குக்குத் தெரிந்தது.

"டயருக்குக் காத்தடிக்கிற கால் பம்ப் எங்கே?" என்றாள்.

லேப்டாப்பே ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தான்.

பெட்ரோல் தண்டின் ஒரு முனையில் கம்ப்ரஸரின் காற்றுக் குழாயை மாட்டினாள். பெட்ரோலுக்குப் பதில் காற்று. ரெகுலேட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். நடுவில் ஒரு கடிகாரம் மாதிரி பிரஷர் மீட்டர். வால்வைத் திறந்ததும் ரெகுலேட்டர் புஸ்ஸென்று சீறியது. மீட்டரின் ஊசி நாற்பத்து மூன்று பவுண்டுக்கு வந்து நின்றது.

"சார், அத்தான், எல்லாரும் வாங்க. இந்த உருண்டைதான் பெட்ரோலோட அழுத்தத்தை முடிவு பண்றது. ஆனா அதுக்குக் கண்ணு கிடையாது. இந்தச் சின்ன ஹோஸ்தான் அதுக்குக் காது. சூப்பர்சார்ஜர் எவ்வளவு காத்து திணிக்குதுன்னு ஹோஸ் வழியாக் கேட்டுக்கும். பத்து பவுண்டு அழுத்தத்துல காத்து வந்தா, அதுவும் பெட்ரோல் அழுத்தத்தைப் பத்து பவுண்டு ஏத்தும். நான் இந்தக் காதை வச்சது சூப்பர்சார்ஜருக்குப் பின்னாடி, காத்து திணிக்கப்படுற இடத்துல. இப்போ அது எங்கே இருக்கு பாருங்க."

ஹோஸ் போய் முடிந்த இடத்தைத் திருப்பிக் காட்டினாள். சூப்பர்சார்ஜருக்கு முன்னால், காற்று சும்மா உள்ளே வருகிற வாசலில், ஒரு சின்னப் பித்தளை மூக்கில் மாட்டியிருந்தது. அவள் முதலில் ஹோஸை மாட்டியிருந்த பழைய மூக்குக்குக் கறுப்பு ரப்பர் மூடி போட்டிருந்தது. மூடியையும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தது.

"நின்ன இடத்துல ஓடும்போது ரெண்டு இடத்துலயும் ஒரே காத்துதான். அதான் பூனைக்குட்டி. மலையில மிதிச்சப்போ பின்னாடி பத்து பவுண்டு புயல். முன்னாடி ஒண்ணுமில்லை. இந்த உருண்டைக்குப் புயல் வந்ததே தெரியாது. அது பாட்டுக்கு நாற்பத்து மூணுலயே உக்காந்திருக்கு. அத்தான், மிதிங்க."

"நானா?"

"உங்க கார்தானே?"

ஹோஸைக் கம்பிக் கட்டோடு பித்தளை மூக்கிலிருந்து உருவி, கால் பம்பின் வாயில் செருகினாள். அத்தான் பளபளப்பான ஷூவால் மிதித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பம்பின் அளவு முள் பத்தைத் தொட்டது. ரெகுலேட்டரின் சீறல் குரல் மாறியது. ஊசி நாற்பத்து மூன்றைவிட்டு எழுந்து, நடுங்கி, ஐம்பத்து மூன்றில் போய் நின்றது.

"இந்தப் பத்து பவுண்டு பெட்ரோல் அழுத்தத்தைத்தான் மலையில காணோம்" என்றாள் மைக்ரோ. "அந்தப் பசிக்குத்தான் நெருப்பு பிஸ்டனைத் தின்னுச்சு."

"அடப்பாவி" என்றான் லேப்டாப். யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

செயலாளர் மெதுவாக நிமிர்ந்தார். "இதை மாத்தினது யாரு?"

மைக்ரோ இடுக்கியால் அந்தக் கம்பிக் கட்டை அலுங்காமல் கழற்றி, வெள்ளைத் துணியில், உருகிய பிளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பதினாறு வயசுல ரெண்டு வருஷம் இந்தக் கம்பியை வாயில போட்டிருந்தேன் சார். உதட்டைக் கிழிக்கக்கூடாதுன்னு முனையை இப்படித்தான் உள்ளே மடிச்சு அமுக்குவாங்க. மாசாமாசம் அக்காதான் துணைக்கு வருவா. என் பல்லு நேராச்சு, அக்காவுக்குக் கல்யாணம் ஆச்சு." அத்தானைப் பார்த்தாள். "காலையில நீங்களே ஞாபகப்படுத்தினீங்களே அத்தான்."

அத்தானின் கழுத்து சிவந்தது.

"இந்தக் கம்பி கடையில யாருக்கும் கிடைக்கும்."

"முனையை மடிக்கிற கை கிடைக்காது."

"நான் எதையும் தொடலைன்னு சொல்றேன்ல? ஒரு டாக்டர் சொல்றதை நம்ப மாட்டியா? இத்தனை பேர் முன்னாடி..."

செயலாளர் இரண்டு கையையும் தூக்கி நடுவில் புகுந்தார். தலைவர் தேர்தல் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சரி, சரி. குடும்ப விஷயமா ஆக வேண்டாம். காரணம் தெரியவில்லைன்னு எழுதிடலாம். உன் பேரும் தப்பிச்சுது, டாக்டர் பேரும் தப்பிச்சுது. என்னம்மா?"

ஒரு வருட ஓய்வுகூட இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகிற பேரம். மைக்ரோவின் கண் ஒரு கணம் அக்காவிடம் போனது.

"காரணம் தெரியும்" என்றாள். "என் கண்ணு முன்னாடி பெஞ்சுல கிடக்கு. தெரியலைன்னு எழுதினா, அடுத்த தடவை நான் எஞ்சின் கட்டும்போது எல்லாரும் ஏன்னு தெரியாம வெடிச்ச எஞ்சினைப் பத்தித்தான் பேசுவாங்க. இன்னொருத்தர் இதே மாதிரி ஹோஸை ஒளிச்சு வச்சு, இதே மாதிரி மலையில நிப்பாரு. முடியாது சார். கமிட்டி என் பேரை அடிக்கட்டும். நான் பொய்ல கையெழுத்துப் போட மாட்டேன், காலையிலயும் சரி, இப்பவும் சரி."

"பிடிவாதம்! சின்ன வயசுலேர்ந்து இதே பிடிவாதம்!" என்று அத்தான் அக்காவைப் பார்த்து முறையிட்டார். "சொல்லேன் உன் தங்கச்சிகிட்ட!"

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். மூடினாள். பிறகு பையையே நாற்காலியில் வைத்துவிட்டாள்.

"டார்ச் பிடிச்சது நான்தான்" என்றாள்.

ரெகுலேட்டர் மட்டும் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது.

"ஓட்டத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை முழுக்க கராஜ்ல. படம் எடுக்க வராங்கன்னு. ஒரு ஹோஸ் குறுக்கே போகுது, அசிங்கமா இருக்குன்னு இவர் கிளினிக்லேர்ந்து கம்பி கொண்டாரச் சொன்னாரு. நான்தான் கொண்டு வந்தேன். டார்ச்சை ஆட்டாதே, ஆட்டாதேன்னு நாலு மணி நேரம் திட்டு வேற." அத்தானைப் பார்க்காமல் செயலாளரைப் பார்த்துப் பேசினாள். "இவர் பொய் சொல்லலை. ஒதுங்க வைக்கிறது தொடுறதுல சேராதுன்னு நினைச்சுட்டாரு. வீட்லயும் அப்படித்தான். என் சமையலறையை ஒதுங்க வச்சா மூணு நாளைக்கு உப்பைத் தேடணும்."

லேப்டாப்புக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமல் மாதிரி மாற்றப் பார்த்தான், முடியவில்லை.

அத்தான் கால் பம்பின்மேல் வைத்த ஷூவை இன்னும் எடுக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்து, எடுத்தார். பெஞ்சுக்கு வந்து அந்தக் கம்பியை எடுத்துப் பார்த்தார். தன் வேலையை அடையாளம் தெரியாத கைவேலைக்காரர் யார்?

"ரெண்டு மூக்கும் ஒரே மாதிரி இருந்துச்சு" என்றார் தாழ்ந்த குரலில். "கிட்ட இருந்ததுல மாட்டினேன்."

"ரெண்டு பல்லு ஒரே மாதிரி இருந்தா கிட்ட இருக்கிறதைப் பிடுங்குவீங்களா அத்தான்?"

இந்தத் தடவை செயலாளரும் சிரித்துவிட்டார்.

மணி மூன்று ஐம்பது. மைக்ரோ குனிந்து மேஜைக் காலின் அடியிலிருந்து காகிதத்தை உருவினாள். மேஜை மறுபடி ஆடத் தொடங்கியது. 'பொருத்தியவரின் குறை' என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். அதன் கீழே, கிரீஸ் விரல் ரேகை பதிய, கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'ரெகுலேட்டரின் ஹோஸ் அழகுக்காக இடம் மாற்றப்பட்டது. எஞ்சினும் மேப்பும் சரி.' கையெழுத்துப் போட்டாள். பேனாவை நீட்டினாள். லேப்டாப் வாங்கிப் போட்டான். சாட்சி என்று எழுதி அக்கா போட்டாள். பேனா கடைசியாக அத்தானிடம் வந்தது.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் போட்டார். டாக்டர்கள் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பார்கள். இது தெளிவாகவே இருந்தது.

செயலாளர் காகிதத்தோடு மாடிப்படி ஏறினார். பாதிப் படியில் நின்று திரும்பினார். "பட்டியல்ல அஞ்சு பேர் அப்படியே இருக்கும்மா. நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்க வேணாம் சார். காகிதத்தைச் சத்தமாப் படிங்க, போதும்."

படிச்சத்தம் மறைந்தது. அத்தான் ஓட்டை பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு, கண் மருத்துவரிடம் வந்தவர் போல, ஓட்டை வழியாகக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு இனிமே... யார்கிட்ட கொடுக்கிறது?"

"பிளாக்கில முக்கோணம் யாருதோ, அவகிட்ட." மைக்ரோ கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தாள். "ஆனா ஹோஸ் நான் வச்ச இடத்துலதான் போகும். குறுக்கே போகும். அசிங்கமாத்தான் இருக்கும்."

"ஓடுமா?"

"ஓடும்."

அக்கா காரைச் சுற்றிவந்து, பானெட்டின் பூட்டுச் சாவியை அத்தானின் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். ஜிப்பை ஒரே இழுப்பில் மூடினாள்.